மழையிலும் காய்ந்திருந்த கான்

அண்ணனின் போன் நாலைந்து நாளாக வேலை செய்யவில்லை. பெரிய மழை விட்டிருந்தது. மலைநாட்டுப் பாதைகளில் சரிந்து கிடந்த மண்ணை அள்ளி, பஸ் ஓடத் தொடங்கிவிட்டது என்று டிவியில் சொன்னார்கள். எங்கள் தேயிலைத் தோட்டத்தில், மேல் லயத்து வரிசை வீடுகளில் இருந்த சனம் முழுவதையும் கீழே பள்ளிக்கூடத்துக்கு இறக்கிவிட்டதாக ஊர்க்காரர்கள் சொன்னார்கள். அண்ணனைப் பள்ளிக்கூடத்தில் கண்டதாக மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

நான் சும்மாவே கவலைப்படுகிற ஆள். கொட்டாஞ்சேனையில் பஸ் ஏறிய பிறகு கேஸ் அடுப்பை நிறுத்தினேனா என்ற யோசனை வந்து, கோட்டையில் இறங்கித் திரும்பிப் போயிருக்கிறேன். என் வீட்டுக்காரர் த்ரீவீல் ஓடுகிறார். அவர் கொஞ்சம் பிந்தினால் போதும், துறைமுகப் பக்கத்துக் கொள்கலன் லொறிகள் எல்லாம் என் கண்ணுக்கு முன்னால் வரிசையாக வரும். "உன்ட தலைக்குள்ள எந்த நேரமும் ஒரு அம்புலன்ஸ் ஓடிக்கொண்டே இருக்கு" என்பார். அதனால் அண்ணனைப் பற்றி நான் சொன்னதையும் முதலில் அவர் பெரிதாக எடுக்கவில்லை.

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டுக் கொழும்புக்கு வந்தவள் நான். வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் அறை கூட்டுவதும் கட்டில் விரிப்பு துவைப்பதும் என் வேலை. லொட்ஜை நடத்துகிற யாழ்ப்பாணத்து அம்மாவிடம் லீவு கேட்டேன்.

"நீ போய் என்னத்தையடி பிள்ளை செய்யப் போறாய்? மலையைப் பிடிச்சு நிப்பாட்டப் போறியோ?"

"அண்ணன் மட்டும்தான்மா அங்க இருக்கு. பொஞ்சாதி புள்ள ஒண்ணும் இல்ல."

அம்மா அலுமாரியைத் திறந்து ஒரு பிஸ்கட் பக்கெட்டைக் கையில் வைத்தார். "போய்ச் சேந்த உடனை கோல் எடு. எடுக்காட்டி நான் இஞ்ச கிடந்து யோசிப்பன். உன்ட வருத்தம் எனக்கும் தொத்திப் போட்டுது."

வீட்டுக்காரரும் கூட வருகிறேன் என்றார். அதுதான் எனக்கு இன்னும் பயத்தைத் தந்தது. கல்யாணம் முடித்த நாளிலிருந்து அவர் ஒரு தடவை கூட எங்கள் லயத்துக்கு ஏறியதில்லை. கீழே கடையடியில் நின்றுகொள்வார். அண்ணன்தான் இறங்கி வந்து அவரைப் பார்ப்பார். இரண்டாம் மாடிக்கு ஏறினாலே மூச்சு வாங்குகிற மனுசன், கேட்காமலே மலை ஏற வருகிறார் என்றால், அவருக்கும் ஏதோ பட்டிருக்கிறது என்றுதானே அர்த்தம்?

விடியப்புறத்து பஸ்ஸில் ஹட்டன் போய், அங்கிருந்து இன்னொரு பஸ் மாறி, தோட்டத்துச் சந்தியில் இறங்கினோம். வழி நெடுக மலைகளில் சிவப்புக் கோடுகள். பச்சைத் துணியை மேலிருந்து கீழே கிழித்தது போல. பஸ்ஸுக்குள் யாரும் அதைக் காட்டிக் கதைக்கவில்லை. ஒரு கைக்குழந்தை மட்டும் அழுதுகொண்டு வந்தது.

பள்ளிக்கூடத்தில் மேசைகளைச் சேர்த்துப் போட்டுச் சனம் படுத்திருந்தது. மேல் லயத்தில் அண்ணனுக்குப் பக்கத்து வீட்டில் இருந்த அக்கா என்னைக் கண்டதும் எழும்பி வந்து கையைப் பிடித்தார்.

"நீ வருவேன்னு தெரியும்டி. அந்தாளு எறங்கல. நாங்க கூப்புட்டுக் கூப்புட்டு வாய் வலிச்சதுதான் மிச்சம். ஆபீசர் ஐயா வந்து சுவத்துல செவப்பு நோட்டீஸ் ஒட்டிட்டுப் போனாரு. அதுக்கும் எறங்கல."

"உசிரோட இருக்கா அக்கா?"

"நேத்து அந்திக்குப் பொகை தெரிஞ்சிச்சு. இன்னைக்கு நான் பாக்கல."

என் வீட்டுக்காரர் சப்பாத்தைக் கழற்றிக் கால்சட்டையை முழங்கால் வரைக்கும் மடித்தார். அக்கா சவர்க்காரத் துண்டை நனைத்து எங்கள் இருவர் காலிலும் அட்டை ஏறாமல் பூசிவிட்டார். "மாப்புள பூ மாதிரி கால் வச்சிருக்காரு. அட்டைக்கு இன்னைக்கு விருந்துதான்" என்று சிரித்தார். அவர் சிரித்ததில் எனக்கு ஒரு நிமிடம் நெஞ்சு லேசானது. உடனேயே குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"மேல போயி சத்தம் கித்தம் போட்றாதீங்க. மண்ணு எளகிக் கெடக்கு. சத்தத்துக்கே எறங்கிரும்ங்கிறாங்க. மத்தியானத்துக்கு மேல மழை புடிச்சிரும். அதுக்குள்ள எறங்கிருங்க."

சத்தத்துக்கு மலை இறங்குமா இறங்காதா என்று எனக்குத் தெரியாது. படித்தவர்களைக் கேட்டால் சிரிப்பார்களோ என்னவோ. ஆனால் சொன்ன பிறகு அந்தப் பாதையில் தும்மவும் பயமாக இருந்தது.

பாதை நான் நடந்த பாதைதான். ஆனால் மேல் மலையில் கொழுந்து எடுப்பதை நிறுத்திப் பல வருடம். தேயிலை ஆள் உயரத்துக்கு மரமாக வளர்ந்து இரண்டு பக்கமும் மூடியிருந்தது. மானாப்புல் முகத்தில் அடித்தது. இலைகளிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம் தவிர வேறொன்றும் இல்லை. வழமையாக அந்த மலையில் யாராவது ஏறினால் நாய்கள் அறிவிக்கும். ஒரு நாயும் குரைக்கவில்லை. குருவி ஒன்றைக் கூட நான் காணவில்லை. "குளிர் இல்லையா, அதான் எல்லாம் படுத்திருக்கும்" என்றார் வீட்டுக்காரர், கேட்காமலே.

பாதித் தூரம் ஏறியபோது பாதையைக் குறுக்கே வெட்டிப் போகிற பெரிய கானைக் கண்டேன். மழைத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்காமல் வடிந்து ஓடுவதற்காகத் தோட்டங்களில் மலையைச் சுற்றி வெட்டி வைக்கிற வாய்க்கால் அது. அண்ணன் தோட்டத்தில் வேலைக்குப் பெயர் பதிந்த நாளிலிருந்து அதிகம் செய்த வேலை கான் வெட்டுத்தான். மழைக் காலத்தில் இந்தக் கானைத் தாண்டுவதற்குப் பலகை போட்டிருப்பார்கள், அவ்வளவு வேகமாக ஓடும். பலகை இருந்தது. அதற்குக் கீழே தண்ணீர் இல்லை. அடியில் கிடந்த சருகு கூட நனைந்திருக்கவில்லை என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். மேல் சருகு நனைந்திருந்தது, காலால் கிளறினால் உள்ளே காய்ந்த மண்.

"நல்லது தானே, காய்ஞ்சிட்டு" என்றார் வீட்டுக்காரர்.

"இவ்வளவு மழை பேஞ்சிருக்கு. அப்ப தண்ணி எங்கங்க போச்சு?"

அவர் கானின் மேல் பக்கத்தைப் பார்த்தார், கீழ்ப் பக்கத்தைப் பார்த்தார், பிறகு என்னை முன்னால் போகச் சொன்னார். அதற்குப் பிறகு நாங்கள் பலமாகக் காலூன்றவில்லை. கள்ளர் மாதிரி ஏறினோம். என் தலைக்குள் ஒன்றே ஒன்றுதான் ஓடியது: இந்தக் காலுக்குக் கீழே தண்ணீர் நிற்கிறது, நாங்கள் அதன் மேலே நடக்கிறோம்.

மேலே வளைவில் திரும்பும்போது லயம் தெரிந்தது. கடைசிக் காம்பராதான் அண்ணனின் அறை. அதன் கூரையிலிருந்து மெல்லிய புகை. நான் கையெடுத்துக் கும்பிட்டேன். இருக்கிறார். வாயைத் திறந்து, அக்கா சொன்னது ஞாபகம் வந்து, மெதுவாக ஒரு தடவை மட்டும் கூப்பிட்டேன்.

"அண்ணே!"

பதில் வரவில்லை. நாங்கள் நின்று பார்த்துக்கொண்டிருக்கவே புகை மெலிந்தது. பிறகு இல்லாமல் போனது.

லயத்து முற்றத்துக்கு வந்தோம். மற்றக் காம்பராக்களின் கதவுகள் எல்லாம் திறந்து கிடந்தன. ஒன்றில் கட்டில் அப்படியே, ஒன்றில் சுவரில் பிள்ளைகளின் படம். அண்ணனின் கதவு மட்டும் சாத்தியிருந்தது. பூட்டு வெளியே தொங்கவில்லை, அப்படியென்றால் உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போட்டிருக்கிறது. நான் கதவுக்கு முன்னால் இருந்த இஸ்தோப்புத் திண்ணையில் ஏறி நின்று திரும்பவும் ஒரு தடவை, தாழ்ந்த குரலில், "அண்ணே" என்றேன். ஒன்றுமில்லை. வெகு நேரம் பொறுத்து வீட்டுக்காரர், "மச்சான்!" என்றார். அதற்கும் ஒன்றுமில்லை. ஆனால் உள்ளே ஏதோ அசைந்தது. துணி உரசுகிற மாதிரி. அவருக்கும் கேட்டது, எனக்கும் கேட்டது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

ஆள் உள்ளே இருக்கிறது, பேசவில்லை. எனக்கு வந்த யோசனைகளை எழுத முடியாது. பாரிசவாதம் வந்து வாய் இழுத்துக் கிடக்கிறார், தடக்கி விழுந்து தலை உடைந்து கிடக்கிறார், உள்ளே இருப்பது அண்ணனே இல்லை. மண் இறங்கினாலும் இறங்கட்டும் என்று கதவைக் கையால் அடித்து, "அண்ணே, அண்ணே, அண்ணே, தொறண்ணே" என்று கத்தி அழுதேன்.

தாழ்ப்பாள் விழுந்தது. கதவு ஒரு சாண் திறந்தது. அண்ணன் கையில் தேயிலைக் கிளை வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியைப் பிடித்துக்கொண்டு நின்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. முதலில் குனிந்து என் காலைப் பார்த்தார், தரையில் படுகிறதா என்று. பிறகு வீட்டுக்காரரின் காலை. சவர்க்காரம் பூசிய அந்த வெள்ளைக் காலில் அட்டைகள் தொங்கி இரத்தம் வடிந்துகொண்டிருந்ததைக் கண்டதும்தான் கத்தியைக் கீழே போட்டார்.

"ஏன்டி ஒத்தக் கொரல்ல கூப்புடுற? அறிவிருக்கா ஒனக்கு?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஆளில்லாத மலையில் ஒரே ஒரு தடவை கூப்பிட்டால் அது மனுசர் இல்லை, முனி. தெரிந்தவர் குரலில்தான் கூப்பிடும், ஆனால் அடுத்தடுத்து மூன்று தடவை கூப்பிட அதற்கு முடியாது. மூன்றாம் தடவை கேட்காமல் வாய் திறக்கவோ கதவு திறக்கவோ கூடாது. தோட்டத்துப் பிள்ளைகள் நடக்கப் பழகும் முன்பே இதைப் பழகுவோம். கொழும்பில் இத்தனை வருடம் இருந்து, காலிங் பெல் அடித்துப் பழகி, எனக்கு விட்டுப் போயிருந்தது. அண்ணன் எங்கள் முதல் குரலுக்கே பயந்து அடுப்பில் தண்ணீரை ஊற்றி அணைத்துவிட்டு, மூலையில் உட்கார்ந்திருக்கிறார்.

"சத்தம் போடக் கூடாதுன்னு அக்கா சொன்னிச்சு..."

"தங்கச்சி கொரல் கேட்டுச்சு. சரி, ஒருவேளை நெசமா இருக்குமோன்னு எந்திரிச்சேன். அடுத்தாப்புல மச்சான் கொரல் வருது! மச்சான் மலை ஏறி வந்தாருன்னு எவன் நம்புவான்? முனியேதான்னு முடிவு பண்ணிட்டேன்."

வீட்டுக்காரர் இஸ்தோப்பில் உட்கார்ந்து அட்டையைப் பிடுங்கிக்கொண்டே சிரித்தார். "உங்கட முனிக்கு என்னைப் பத்தி நல்லாத் தெரியும் மச்சான்." நானும் அழுதுகொண்டே சிரித்தேன். சிரித்து முடிந்ததும் அந்த இடத்தின் அமைதி திரும்பவும் வந்து உட்கார்ந்தது.

அண்ணன் அடுப்பை மூட்டித் தேத்தண்ணி ஊற்றினார். வாயில் வைத்தால் மண் வாசம். லயத்துக்காரர் தண்ணீர் பிடிக்கிற பீலியில் தண்ணீர் நின்று போய்விட்டதாம். லயத்துக்குக் கீழே புதிதாக ஒரு இடத்தில் ஊற்று உடைத்திருக்கிறதாம், கலங்கலாக வருகிறதாம். அதை ஏதோ நல்ல செய்தி போலச் சொன்னார். நான் உட்காரப் போய், தரையில் விரித்திருந்த சாக்கில் கால் வைத்தேன். குதி உள்ளே இறங்கியது.

"அங்க வைக்காத!" என்றார் அண்ணன், அவசரமாக.

சாக்கைத் தூக்கினேன். அடுப்படியிலிருந்து கதவு வரைக்கும் தரை வெடித்திருந்தது. என் கை உள்ளே போகிற அகலம். ஓரங்களில் ஈரக் களிமண் அப்பியிருந்தது. குனிந்தபோது அதற்குள்ளேயிருந்து குளிர் மேலே வந்து முகத்தில் பட்டது.

"நான் மண்ணு போட்டு அடைச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். சாயங்காலம் அடைச்சா காலையில குடிச்சிருது."

"அண்ணே, எறங்கிரு. இப்பவே எறங்கிரு."

"மாடு இருக்குடி."

அதுதான் காரணம். பசு சினையாக இருந்தது, இன்றைக்கோ நாளைக்கோ என்று. இந்தச் செங்குத்தில் இறக்கினால் கால் சறுக்கி விழும், கன்றும் போகும், மாடும் போகும் என்றார். கன்று போட்டு எழும்பட்டும், அதற்குப் பிறகு இறங்குகிறேன் என்றார். வீட்டுக்காரர் பக்குவமாகக் கதைத்துப் பார்த்தார். "மாட்டுக்குப் பதிலா மாடு வாங்கலாம் மச்சான், உங்களுக்குப் பதிலா யாரை வாங்குறது?" அண்ணன் அசையவில்லை. பெயர் பதிந்து, கான் வெட்டி, பென்சனுக்கு வந்து, கடைசியில் அவருக்கென்று இருந்தது அந்த ஒரு மாடுதான். எனக்கு அது விளங்காமல் இல்லை. ஆனால் எனக்கென்று இருந்தது அந்த ஒரு அண்ணன்.

வெளியே வந்தேன். மாடு தொழுவத்தில் இல்லை. கொஞ்சம் தள்ளி, பாதை இறங்குகிற வாசலடியில் ஒரு கொய்யா மரத்தில் கட்டியிருந்தது, வந்த பதற்றத்தில் நான் கவனிக்கவில்லை. வயிறு இரண்டு பக்கமும் தள்ளி, முகத்தைக் கீழ்ப்பக்கம் திருப்பிக்கொண்டு நின்றது.

"ஏன் அங்க கட்டியிருக்கு?"

"தொழுவத்துக்குள்ள வர மாட்டேங்குது. இழுத்தாலும் காலை ஊனிக்கிட்டு நிக்குது. முனிப் பார்வை பட்டிருக்கு. வேப்பல அடிக்கணும்."

அப்போது ஒரு சத்தம் கேட்டது. பெரிய சத்தம் என்று சொல்ல முடியாது. நிறைய அரிசி மூட்டைகளை சீமெந்துத் தரையில் யாரோ இழுத்தது போல, எங்கோ கீழே, எங்கள் காலடியில். கொஞ்ச நேரம் இழுத்து, நின்றது. கூரைத் தகரம் ஒன்று தானாக ஆடியது. மூன்று பேரும் அசையாமல் நின்றோம். மாடு கயிற்றை இழுத்து ஒரு தடவை கத்தியது.

நான் மாட்டுக்குப் பயந்தவள். கொட்டாஞ்சேனைக் கோயில் வாசலில் மாடு நின்றால் றோட்டின் மற்றப் பக்கத்தால் போவேன். ஆனாலும் போய் அந்த முடிச்சை அவிழ்த்தேன். ஈரக் கயிறு, நகம் ஒன்று பிய்ந்தது, பிறகுதான் தெரிந்தது. அவிழ்த்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கத் தொடங்கினேன்.

"ஏய்! என்னாடி செய்ற? கழுத! விழுந்துரும்டி!"

"வேணும்னா வந்து புடிச்சுக்க!" என்று திரும்பாமலே கத்தினேன். அந்த மலையில் சத்தம் போடக் கூடாது என்பதெல்லாம் எனக்கு அப்போது இல்லை.

நான் மாட்டை இழுத்தேன் என்று சொன்னால் அது பொய். மாடுதான் என்னை இழுத்தது. சினை மாடு அப்படி இறங்கி நான் கண்டதில்லை. ஒவ்வொரு கல்லாகப் பார்த்து, நிற்காமல், அவசரமாக, ஏதோ பின்னால் வருகிறது என்பது போல. அது அவ்வளவு சுலபமாக இறங்கியதுதான் என்னை இன்னும் நடுங்க வைத்தது. அண்ணன் பின்னால் ஓடி வந்து என் கையிலிருந்து கயிற்றைப் பறித்தார். ஏசினார். ஆனால் மேலே திருப்பவில்லை. திருப்ப முயன்றிருந்தாலும் மாடு திரும்பியிருக்காது. வீட்டுக்காரர் அண்ணனின் உடுப்புப் பையைத் தோளில் போட்டு, கதவைச் சாத்திவிட்டு, ஒரு கையில் சட்டியோடு கடைசியாக வந்தார்.

கானைத் தாண்டும்போது மழை பிடித்தது. மூடுபனி ஏறி வந்து முன்னால் போகிற மாட்டின் வால் மட்டும் தெரிந்தது. பலகையின் மேல் மாடு கால் வைக்காது என்று நினைத்தேன். அது கானுக்குள் இறங்கி ஏறியது. அந்த மழையிலும் கானின் அடியில் தண்ணீர் ஓடவில்லை. விழுந்த மழை விழுந்த இடத்திலேயே மறைந்தது. அண்ணன் நின்று அதைப் பார்த்தார். அவர் கையால் வெட்டிய கான். ஏசுவதை அந்த இடத்தில்தான் நிறுத்தினார்.

அடுத்த நாள் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் மாடு கன்று போட்டது. கிடாரிக் கன்று. அகதியாகப் படுத்திருந்த சனம் முழுவதும் எழும்பி வந்து பார்த்தது. அண்ணன் எல்லோருக்கும் சீம்பால் காய்ச்சிக் கொடுத்தார். லொட்ஜ் அம்மாவுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். "மாட்டைப் பற்றிப் பிறகு கதைப்பம், நீ எப்ப வாறாய்?" என்றார்.

மலை இறங்கியிருந்தால் இந்தக் கதை இங்கே முடிந்திருக்கும். நான் சரி என்று ஆகியிருக்கும். மலை இறங்கவில்லை.

வெயில் வந்தது. சனம் முதலில் பகலில் மட்டும் மேலே போய்க் கோழிகளைப் பார்த்தது, துணி எடுத்தது. வேறு காணி தருவதாகச் சொன்னார்கள், யாரும் இன்னும் காட்டவில்லை. பள்ளிக்கூடம் தொடங்க வேண்டுமென்று வாத்தியார்கள் வந்தார்கள். ஒவ்வொரு குடும்பமாக மேலே ஏறியது. அக்காவும் ஏறினார். அண்ணன் மாட்டையும் கன்றையும் ஓட்டிக்கொண்டு ஏறினார். கொழும்புக்கு வந்துவிடு என்று நான் கெஞ்சினேன். ஒரு கிழமை வந்தும் இருந்தார். எங்கள் ஒரு அறை வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, கன்றுக்குப் புல் யார் வெட்டுவது என்று கேட்டுப் புறப்பட்டார்.

இப்போது போன் வேலை செய்கிறது. "ஒன்னால ஒரு நல்லது நடந்துச்சு, மாடு தப்பிச்சிச்சு. மத்தபடி ஒன் மலையும் எறங்கல, மண்ணும் எறங்கல" என்று கேலி செய்கிறார். தொழுவத்துக்குள் மாடு போகிறதா என்று கேட்டேன். காற்றோட்டமாக இருக்கட்டுமென்று வெளியேதான் கட்டுகிறேன் என்றார். பிறகு வேறு கதைக்கு மாறினார்.

போன மாதம் ஒரு மூட்டை சீமெந்து கேட்டார். தரை வெடிப்பைப் பூசி மட்டமாக்க வேண்டுமாம், நல்ல வெயிலில் பூசினால் நிற்குமாம். என் வீட்டுக்காரரின் கூட்டாளி ஒருவர் மலைநாட்டிலிருந்து மரக்கறி லொறியில் வருகிறார், போகும்போது லொறி வெறுமையாகத்தான் போகும். அதில் ஏற்றிவிடச் சொன்னார் அண்ணன். வீட்டுக்காரர் அன்றைக்கே வாங்கி வந்து எங்கள் வாசலுக்கு உள்ளே நிறுத்தினார். லொறி இரண்டு தடவை வந்து போய்விட்டது. அண்ணனிடம் ஒரு தடவை, மூட்டையைத் தூக்க ஆள் வீட்டில் இல்லை என்றேன், மற்றத் தடவை மறந்துவிட்டேன் என்றேன்.

கொட்டாஞ்சேனையில் இப்போது பின்னேரத்தில் மழை. வாசல் படியைத் தாண்டி ஈரம் உள்ளே வருகிறது. மூட்டையை மேலே தூக்கி வை, கல்லாகிப் போகும் என்று வீட்டுக்காரர் சொல்லிக்கொண்டிருக்கிறார். கூட்டும்போது நான் அதைச் சுற்றிக் கூட்டுகிறேன். இன்று காலை கையால் அழுத்திப் பார்த்தேன். சுவர்ப் பக்கம் இன்னும் மாவாகத்தான் இருக்கிறது. வாசல் பக்கம் இறுகத் தொடங்கிவிட்டது.